'ஐயோ, பாப்பாவை கூட்டிட்டு போயிட்டாங்க!' - கம்ப்யூட்டர் கேமில் குழந்தை வளர்க்கும் பிள்ளைகள்... அந்த வீட்டுக்குள்ள என்ன நடக்குது?

பரீட்சை லீவு. மயிலாப்பூர் பக்கம் ஏதோ ஒரு ஃப்ளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ரூமில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்பு மகள் திடீரென்று "ஐயோ, பாப்பாவை கூட்டிட்டு போயிட்டாங்க!" என்று கத்தினால் எந்த அம்மாவும் பதறத்தான் செய்வார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்கிரீனில் ஒரு காலித் தொட்டில். பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் ஒரு கார்ட்டூன் அம்மா. "நான் சாப்பாடு குடுக்க மறந்துட்டேன்மா..." என்று மகள் நிஜமாகவே கண்கலங்குகிறாள்.

இது என்ன விளையாட்டு? இல்லாத குழந்தைக்கு எதற்கு இந்த அழுகை? இதை விளையாட விடலாமா, வேண்டாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

என்ன கேம் இது?

'தி சிம்ஸ்'. இதில் சுட வேண்டாம், ஓட வேண்டாம், ஜெயிக்கவும் வேண்டாம். ஒரு மனிதரை உருவாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, வேலைக்கு அனுப்பி, சமைக்கவைத்து, குளிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, குழந்தை பெறவைத்து, அந்தக் குழந்தையை வளர்த்து ஆளாக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். "இதைத்தானே நாங்க வீட்ல தினமும் பண்றோம், இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?" என்று அம்மாக்கள் கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

இதை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில் ரைட். 1991-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் மலைப்பகுதியில் ஏற்பட்ட பெரும் தீயில் அவருடைய வீடு எரிந்துபோனது. இழந்த பொருட்களில் எதையெல்லாம் திரும்ப வாங்குவது, ஒரு வீட்டுக்கு உண்மையில் என்னென்ன தேவை என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்த விளையாட்டின் கரு. ஆரம்பத்தில் இதை 'பொம்மை வீடு' என்ற பெயரில்தான் அழைத்தார்கள். பொம்மை வீடு என்றால் பையன்கள் வாங்க மாட்டார்களே என்று கம்பெனிக்குள் தயக்கமும் இருந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளியானதும் அந்தத் தயக்கம் காணாமல் போனது. கம்ப்யூட்டர் விளையாட்டு வரலாற்றில் மிக அதிகம் விற்றவற்றில் இதுவும் ஒன்று.

அந்த முதல் கேமில் குழந்தை வளர்ப்பு ரொம்ப சிம்பிள். தொட்டிலில் 3 நாள் அழும், பால் கொடுக்க வேண்டும், தாலாட்ட வேண்டும். 3 நாள் தாண்டினால் ஒரே தாவலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகிவிடும். கவனிக்காமல் விட்டால் சமூக நல ஊழியர் ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். மகள் கத்தினாளே, அதற்கான விதை 26 வருடத்துக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

2004-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அப்பா மூக்கு, அம்மா கண் என்று பரம்பரைச் சாயல் வந்தது. குழந்தை வளர்ந்து, இளைஞராகி, கிழவராகிச் சாகவும் ஆரம்பித்தது. 2014-ல் நான்காம் பாகம் வந்தபோது பெரிய ஏமாற்றம். தத்தித் தத்தி நடக்கும் பருவமே இல்லை. கைக்குழந்தையோ தொட்டிலோடு ஒட்டிக்கொண்ட ஒரு பொருள் மாதிரி, வெளியே தூக்கிக்கொண்டு போகக்கூட முடியாது. ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 ஜனவரியில் நடைபழகும் குழந்தைகள் வந்தார்கள். தவழும் கைக்குழந்தை வர 2023 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது நம் பிள்ளைகள் விளையாடுவது பெரும்பாலும் இந்த நான்காம் பாகத்தைத்தான். காரணம், 2022 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படை கேம் இலவசம்.

சரி, பாப்பா எப்படி வளருது?

முதலில் நேரக் கணக்கைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. சாதாரண வேகத்தில் நமக்கு 1 நொடி என்றால் அந்த உலகில் 1 நிமிடம். நம் 24 நிமிடம் அவர்களுக்கு ஒரு முழு நாள். கர்ப்ப காலம் 3 நாள். அதாவது நம் கணக்கில் சுமார் 72 நிமிடம். தீபாவளி நேரத்தில் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் அங்கே ஒரு பிரசவமே முடிந்திருக்கும்.

பிறந்ததும் தொட்டில் பருவம். அடுத்தது கைக்குழந்தைப் பருவம், இதுதான் விளையாடுபவர்களைப் பாடாய்ப்படுத்தும் இடம். பசி, தூக்கம், சுத்தம், கவனிப்பு என்று தேவைகள் ஒவ்வொன்றும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். பால் கொடுத்தால் பசி தீரும், ஆனால் அதற்குள் டயப்பர் நனைந்திருக்கும். டயப்பர் மாற்றினால் தூக்கம் கலைந்திருக்கும். தூங்கவைத்துவிட்டு அம்மா கதாபாத்திரம் படுக்கப் போனால் குழந்தை மறுபடி எழுந்து அழும். அம்மாவின் தூக்க அளவு சிவப்புக்குப் போகும். தூக்கமில்லாமல் அடுத்த நாள் வேலைக்குப் போனால் அங்கேயும் சொதப்பும். ஒரு பட்டனை அழுத்தி முடித்துவிடலாம் என்று வருபவர்கள் அரண்டுபோவது இங்கேதான்.

குழந்தைகள் எல்லாம் ஒரே மாதிரியும் இருக்காது. அமைதியானது, ஜாக்கிரதையானது, தீவிரமானது, தொட்டாற்சிணுங்கி, சிரித்த முகம், துறுதுறு என்று 6 சுபாவங்களில் ஒன்று வாய்க்கும். அமைதியான குழந்தை வாய்த்தவர்கள் "ஈஸியா இருக்கே" என்பார்கள். தீவிரமானது வாய்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். இரண்டு பிள்ளை பெற்ற எந்த அம்மாவுக்கும் இது புதுத் தகவல் இல்லை.

இதோடு 'மைல்கல்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் முறை தலை தூக்கியது, முதல் முறை உட்கார்ந்தது, தவழ்ந்தது, முதல் சிரிப்பு என ஒவ்வொன்றையும் கேம் ஒரு பட்டியலில் பதிவு செய்கிறது. தரையில் குப்புறப் படுக்கவைத்துப் பழக்கினால்தான் தலை நிற்கும். சும்மா விட்டால் நிற்காது. "குப்புற விழுந்தாச்சா? தலை நின்னுடுச்சா?" என்று கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாட்டியும் கேட்கும் அதே கேள்விதான். நம் ஊரில் சில வீடுகளில் குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் பாயசம் என்று மைல்கல்லுக்கு மைல்கல் ஒரு பட்சணமும் உண்டு. கேமில் பட்சணம் கிடையாது, ஒரு சின்ன அறிவிப்பு மட்டும் வரும்.

இதெல்லாம் நமக்குப் பழகின விஷயம்தான்

இல்லாத குழந்தையைக் கற்பனையில் வளர்ப்பது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம் என்று நினைத்தால் தமிழ் வகுப்பில் தூங்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை முழுக்கவே அதுதான். கடவுளையோ அரசரையோ கைக்குழந்தையாகப் பாவித்து, 10 பருவங்களாகப் பிரித்து, பருவத்துக்கு 10 பாட்டு என்று புலவர் வளர்ப்பார். பாட்டியல் நூல்கள் இந்தப் பருவங்களுக்கு மாதக் கணக்கும் சொல்கின்றன. 3-ம் மாதம் காப்பு. 5-ம் மாதம் செங்கீரை - ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. 7-ம் மாதம் தால், அதாவது தாலாட்டு. 9-ம் மாதம் சப்பாணி, கைகொட்டுவது. 11-ம் மாதம் முத்தம் கேட்பது. 13-ம் மாதம் தளர்நடையில் 'வா வா' என்று அழைக்கும் வருகை. 15-ல் நிலாவைக் கூப்பிடும் அம்புலி. ஆண் குழந்தை என்றால் அதன் பிறகு சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தை என்றால் அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை.

தலை தூக்குவது, கைகொட்டுவது, நடப்பது என்று வரிசையாக மைல்கல் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால், கேம் கம்பெனிக்காரர்கள் யாராவது குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் படித்துவிட்டார்களோ என்று சந்தேகமே வரும். படித்திருக்க மாட்டார்கள். எந்த ஊரிலும் குழந்தை அதே வரிசையில்தான் வளரும் என்பதால் எழுதினாலும் கோடு போட்டாலும் அதே வரிசைதான் வரும்.

இன்னும் பின்னால் போனால் நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. 172-வது பாடல். தோழிகளோடு விளையாடும்போது ஒரு பெண் புன்னை விதையை மணலில் அழுத்திப் புதைத்துவிட்டு மறந்துபோகிறாள். அது முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். 'இது உங்கள் தங்கை, உங்களைவிடச் சிறந்தவள்' என்கிற பொருளில் அம்மா சொல்லிவைக்கிறாள். பின்னாளில் அந்த மரத்தடியில் காதலன் வந்து நின்று சிரித்துப் பேசும்போது, தங்கை முன்னால் எப்படி என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விடுகிறது. விளையாட்டாக வளர்த்தது எப்போது உறவாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: கபாலீஸ்வரர் கோயிலின் தல விருட்சம் புன்னைதான்.

அதே மாடவீதியில் புரட்டாசி வந்தால் கொலு பொம்மைக் கடைகள் முளைக்கும். மரப்பாச்சிக்குப் பட்டுத்துணி சுற்றி, பொட்டு வைத்து, நகை போடும் சிறுமி செய்வதும், சிம்ஸில் உடை மாற்றிவிடும் பெண் செய்வதும் ஒன்றுதான். சொப்பு சாமானில் மண்ணைச் சமைத்து பொம்மைக்கு ஊட்டுவதும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. மரப்பாச்சி அழாது. ஊட்டாவிட்டாலும் கேட்காது. கம்ப்யூட்டர் பாப்பா அழும், கேட்கும், தண்டிக்கும்.

அந்த அழுகைதான் எல்லாத்துக்கும் காரணம்

அழும் பொம்மையை உலகம் முழுக்கப் பரப்பியது ஜப்பானின் பண்டாய் நிறுவனம். 1996 நவம்பரில் வந்த 'டமகோச்சி'. முட்டை சைஸ் பிளாஸ்டிக், 3 பட்டன், கறுப்பு வெள்ளை ஸ்கிரீன். அதற்குள் ஒரு குட்டி உயிர். பசித்தால் 'பீப் பீப்' என்று கத்தும். கழிவைச் சுத்தம் செய்ய வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் செத்துப்போகும். பள்ளிக்கூட நேரத்திலும் கத்தியதால் பல நாடுகளில் பள்ளிகள் அதைத் தடை செய்தன. செத்துப்போன டமகோச்சிக்காகக் குழந்தைகள் அழுதது அப்போதே பெரிய செய்தி.

ஏன் அழுதார்கள்? நமக்கு எது பிடிக்கிறதோ அதைக் கவனித்துக்கொள்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். தலைகீழாகவும் நடக்கும். எதை விடாமல் கவனித்துக்கொள்கிறோமோ அது பிடித்துப்போகும். தினமும் தண்ணீர் ஊற்றிய செடி வாடினால் மனசு வலிக்கிறதே, அது மாதிரி. "அது வெறும் கேம்தானே, அழாத" என்று மகளிடம் சொல்வதால் பலன் இருக்காது. அது கேம் என்று அவளுக்கும் தெரியும். அவள் செலவழித்த 2 மணி நேரமும் கவனமும் நிஜம், அதற்குத்தான் அந்த அழுகை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சிம்ஸ் 4-ல் கைக்குழந்தை பட்டினியால் சாகாது. கேம் அதை அனுமதிப்பதில்லை. அளவுக்கு மீறி கவனிக்காமல் விட்டால் குழந்தை வீட்டைவிட்டு எடுத்துச் செல்லப்படும், அவ்வளவுதான். இங்கே நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது மாவட்டந்தோறும் இருக்கும் குழந்தைகள் நலக் குழு. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி செயல்படுகிறது. குழந்தை துன்புறுத்தப்படுவதையோ கைவிடப்பட்டதையோ பார்த்தால் 1098-க்கு போன் செய்யலாம்.

தத்தெடுப்பதும் கேமில் உண்டு. கொஞ்சம் பணம் கட்டி, பட்டியலில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்தால் உடனே வீட்டுக்கு வந்துவிடும். நிஜத்தில் இந்தியாவில் 'காரா' என்ற மத்திய அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை தருவார். தம்பதி என்றால் குறைந்தது 2 ஆண்டு நிலையான திருமண வாழ்க்கை வேண்டும். தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. அதன் பிறகும் வருடக்கணக்கில் காத்திருப்பு. கேமைப் பார்த்துவிட்டு "ஏன் எல்லாரும் ஈஸியா தத்தெடுக்க மாட்டேங்குறாங்க?" என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல இது உதவும்.

கொரியாவில் நடந்த கொடுமை

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். 'கேம் குழந்தையை வளர்த்து நிஜக் குழந்தையைக் கொன்ற பெற்றோர்.' இது வதந்தி அல்ல. உண்மையில் நடந்தது. ஆனால் சுற்றும்போது சில விவரங்கள் கழன்றுபோய்விட்டன.

தென் கொரியாவின் சுவோன் நகரம். 2009 செப்டம்பர். குறைமாதத்தில் பிறந்த 3 மாதப் பெண் குழந்தை, பட்டினியால் இறந்துபோனது. பெற்றோர் இரவு இரவாக, ஒரு நாளைக்குப் பல மணி நேரம், அங்கே 'பிசி பாங்' என்று சொல்லப்படும் பிரவுசிங் சென்டரில் கேம் விளையாடியிருக்கிறார்கள். நடுவில் வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள், பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை. பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் தேவை. 2010 மார்ச்சில் கைதானார்கள். இருவருக்கும் 2 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மனைவி மறுபடி கர்ப்பமாக இருந்ததால் அவருடைய தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 2014-ல் இதைப் பற்றி 'லவ் சைல்ட்' என்ற ஆவணப்படமும் வந்தது.

கழன்றுபோன விவரம் இதுதான். அவர்கள் விளையாடியது சிம்ஸ் அல்ல, குழந்தை வளர்க்கும் கேமும் அல்ல. 'பிரியஸ் ஆன்லைன்' என்ற சண்டை, மாயாஜாலம் நிறைந்த ஆன்லைன் கேம். அதில் வீரருக்குத் துணையாக 'அனிமா' என்ற சிறுமிக் கதாபாத்திரம் வரும். அவளோடு பழகப் பழக அவளுக்குச் சக்தி கூடும். உலகம் முழுவதும் செய்தியானபோது அந்தச் சிறுமி 'வெர்ச்சுவல் குழந்தை' ஆகிவிட்டாள். இதனால் அந்தப் பெற்றோரின் குற்றம் குறைந்துவிடாது. ஆனால் எந்த மாதிரி கேமுக்குப் பயப்பட வேண்டும் என்பது மாறுகிறது. ஆன்லைனில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து விளையாடும் கேமை நிறுத்திவைக்க முடியாது. நீங்கள் எழுந்து போனாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். சிம்ஸில் ஒரு பட்டன் தட்டினால் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும்.

கொரியா பிறகு 2011-ல் ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்குட்பட்டவர்கள் இரவு 12 முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் விளையாடக்கூடாது. 2022 தொடக்கத்தில் அதைக் கைவிட்டுவிட்டது. யோசித்துப் பார்த்தால், அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்காது. விளையாடியவர்கள் பெரியவர்கள் ஆயிற்றே.

தமிழ்நாட்டிலும் 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை என்று விதி வந்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் கேம்களுக்கு மட்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் குறிவைப்பது அவற்றைத்தான். சிம்ஸ் அந்தக் கணக்கில் வராது.

பொம்மைக் குழந்தை பாடம் சொல்லுமா?

"இதை விளையாடினா குழந்தை வளர்ப்பு எவ்வளவு கஷ்டம்னு புரியுமே, நல்லதுதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. கிட்டத்தட்ட இதே நம்பிக்கையில் வெளிநாட்டுப் பள்ளிகளில் ஒரு திட்டம் பல ஆண்டுகளாக நடந்தது. டீன் ஏஜ் மாணவிகளிடம் நிஜக் குழந்தை சைஸில் ஒரு எலெக்ட்ரானிக் பொம்மையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். நடு ராத்திரியில் அழும். பால் கொடுத்தாரா, டயப்பர் மாற்றினாரா, தலையைத் தாங்கிப் பிடித்தாரா எல்லாம் உள்ளே பதிவாகும். இரண்டு நாள் தூக்கம் கெட்டால் 'இப்போதைக்குக் குழந்தையே வேண்டாம்' என்று முடிவெடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளில், 2,800-க்கும் மேற்பட்ட மாணவிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 20 வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 2016-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. பொம்மை வளர்த்தவர்களில் 8% பேர் குழந்தை பெற்றிருந்தார்கள். பொம்மை வளர்க்காதவர்களில் 4% தான். பாதி!

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஆய்வு உறுதியான பதில் தரவில்லை. பொம்மையோடு போன பெண்களை வீட்டிலும் வகுப்பிலும் எல்லோரும் கொஞ்சி, கவனித்து, பாராட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அது ஆஸ்திரேலியாவில், பொம்மையை வைத்து நடந்த ஆய்வு. சென்னையில் லேப்டாப் முன்னால் இருக்கும் 13 வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தப்பு. ஆனால் 'கஷ்டத்தைக் காட்டினால் பயந்துவிடுவார்கள்' என்ற கணக்கு அவ்வளவு நேரானது இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

பெரியவர்களும் விளையாடுறாங்க. ஏன்?

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கல்யாணமாகி 3, 4 வருடம் ஆன வீட்டில், எந்த விசேஷத்துக்குப் போனாலும் "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி காத்திருக்கும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. நாட்டின் சராசரி 2.0. குழந்தை எண்ணிக்கை குறைந்திருக்கிறதே தவிர, அந்தக் கேள்வி குறையவே இல்லை.

பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயிலில் சந்தான லட்சுமி சன்னதி முன் நிற்பவர்களையும், கோயில் மரங்களில் குட்டித் தொட்டில் கட்டுபவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த மரத்தொட்டிலுக்குள் இருப்பதும் இன்னும் வராத குழந்தைதான். யாரும் அதைக் கிண்டல் செய்வதில்லை. ஆபீஸ் முடிந்து வந்து, சத்தமில்லாமல் கேமில் ஒரு குழந்தையைத் தூங்கவைக்கும் ஒருவரை மட்டும் ஏன் கிண்டல் செய்ய வேண்டும்?

கேம் இந்த விஷயத்தில் யாரையும் கேள்வி கேட்பதில்லை. கல்யாணம் ஆனவரா, இல்லையா, ஆணா பெண்ணா என்று பார்க்காது. 2023-ல் ஆய்வகத்தின் உதவியோடு குழந்தை பெறும் வழியையும் சேர்த்துவிட்டார்கள். அங்கே அது ஒரே சந்திப்பில் முடிந்துவிடும். ஊசி, ஸ்கேன், லோன், ஏமாற்றம் எதுவும் கிடையாது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது ஆறுதலாகவும் இருக்கலாம், ரணமாகவும் இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் கேட்காமல் முடிவு கட்டக்கூடாது.

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு ஜோடி ஒன்று தங்கள் கல்யாண வரவேற்பை மெட்டாவெர்ஸில் நடத்தியது நினைவிருக்கலாம். மணப்பெண்ணின் மறைந்த தந்தை அதில் டிஜிட்டல் உருவமாக வந்து ஆசி கொடுத்தார். அப்போது அதைப் பார்த்துச் சிரித்தவர்களைவிட நெகிழ்ந்தவர்களே அதிகம். நிஜத்தில் கிடைக்காததைத் திரையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

முதலில் வயது. அமெரிக்கத் தரச்சான்று இதை 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்கிறது. ஐரோப்பாவில் 12. கதாபாத்திரங்கள் காதலிக்கும், போர்வைக்குள் ஒளியும், சண்டை போடும், சாகும். வெளிப்படையாக எதையும் காட்டாது என்றாலும் 8 வயதுப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகும் கேம் அல்ல.

அடுத்தது பணம். இலவசம் என்ற வார்த்தையில் ஏமாந்துவிட வேண்டாம். அடிப்படை கேம் மட்டும்தான் இலவசம். குடும்ப வாழ்க்கையை விரிவாக்கும் 'குரோயிங் டுகெதர்' போன்ற பெரிய கூடுதல் பேக் ஒன்றின் அமெரிக்க விலை 40 டாலர். பிள்ளைகளுக்குப் பொறுப்பு, மரியாதை, பிறர் வலி உணர்வது என்று குணங்களை வளர்க்கும் 'பேரன்ட்ஹுட்' பேக் தனி. இப்படி டஜன் கணக்கில் இருக்கின்றன. லேப்டாப்பில் அப்பாவின் கார்டு விவரம் சேமித்துவைக்கப்பட்டிருந்தால், மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியவரும். சேமிக்க வேண்டாம்.

மூன்றாவது, நிறையப் பேர் கண்டுகொள்ளாதது. கேமில் புடவை, வேட்டி, நம்ம ஊர் ஜடை எல்லாம் வேண்டும் என்று ரசிகர்கள் உருவாக்கும் 'மோட்' ஃபைல்களைப் பிள்ளைகள் டவுன்லோடு செய்வார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் 2024-ல் சிம்ஸ் 4 மோட்களுக்குள் வைரஸ் வைத்துப் பரப்பியது கண்டுபிடிக்கப்பட்டது. அப்பா நெட் பேங்கிங் செய்யும் அதே லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்யும் முன் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

நேரம் பற்றி: உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கேமிங் கோளாறு' இருக்கிறது. அதற்காக லீவில் 4 மணி நேரம் விளையாடினால் நோய் என்று அர்த்தமில்லை. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முன்னுரிமை, பாதிப்பு தெரிந்த பிறகும் நிறுத்த முடியாமை - இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையோ உறவுகளையோ பாதித்தால்தான் டாக்டர்கள் அந்த வார்த்தையைப் பயன்படுத்துவார்கள். அப்படித் தோன்றினால் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ல் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

சரி, 'போதும் எழுந்திரு'ன்னு பட்டுனு ஆஃப் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் சண்டை வரும். சேவ் செய்யாமல் நிறுத்தினால் கடைசியாக சேவ் செய்த இடத்துக்கே கேம் போய்விடும். ஒரு மணி நேரம் பாடுபட்டுத் தவழ வைத்த பாப்பா மறுபடி தலை நிற்காத பாப்பா ஆகிவிடும். 5 நிமிடம் முன்னால் சொல்லிவிட்டு, சேவ் செய்யச் சொல்லுங்கள்.

சேவ் செய்து மூடிவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பசிக்காது, அழாது, வயதும் ஏறாது. அரையாண்டுத் தேர்வு முழுக்க லேப்டாப்பைத் தொடாமல் இருந்துவிட்டு பொங்கல் லீவில் திறந்தாலும், விட்ட இடத்தில், அதே தொட்டிலில், பாதிக் கொட்டாவியோடு அப்படியே இருக்கும். செட்டிங்கில் வயதாவதை நிறுத்திவைத்தால் விளையாடும்போதுகூட வளராது. செல்போனில் விளையாடும் 'சிம்ஸ் ஃப்ரீபிளே' மட்டும் வேறு மாதிரி. 2011-ல் வந்த அது நிஜக் கடிகாரத்தில் ஓடுவது. 'இன்னும் 6 மணி நேரத்தில் முடியும்' என்று சொல்லும், சீக்கிரம் முடிக்க வேண்டுமா என்று கேட்கும், அங்கேதான் காசு. பிள்ளை எதில் விளையாடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.